முப்பத்திரண்டு ஊராட்சிக்கு ஒரு கையெழுத்து

தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் கிராம ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஒன்றியக் குழுவினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள் அனைவரின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அந்த நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தி முடித்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓராண்டு கடந்துவிட்டது. இதை நிர்வாகத் தாமதம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. ஏழை மனிதர் நடந்தே போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே அரசாங்கம் ஊராட்சிதான். இப்போது பறிபோயிருப்பது அந்த அரசாங்கம்.

கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்றால் யார்? வட்டார வளர்ச்சி அலுவலர். ஊர் மொழியில் பிடிஓ. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள். 388 ஊராட்சி ஒன்றியங்கள். வகுத்துப் பார்த்தால் ஒன்றியத்துக்கு முப்பத்திரண்டு ஊராட்சிகள் வருகின்றன. ஓர் ஊராட்சிக்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் இருப்பது சாதாரணம். ஆக, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்களின் தண்ணீர், விளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஒரே அலுவலரின் மேசைக்கு வந்து நிற்கின்றன. அந்த மனிதர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எத்தனை மணி நேரம் உழைத்தாலும், முப்பத்திரண்டு ஊருக்குத் தலைவராக இருப்பது மனிதரால் ஆகிற காரியமில்லை.

விடியற்காலையில் யாரைக் கூப்பிடுவது?

ஊரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாதம். மேல்நிலைத் தொட்டி வறண்டுவிட்டது. காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்கள் முன்பெல்லாம் பிரசிடெண்ட் வீட்டு வாசலுக்குப் போவார்கள். திட்டுவார்கள். அவர் கையிலிருந்து பணம் போட்டாவது காயில் கட்ட ஆள் அனுப்புவார். அடுத்த தேர்தலில் அதே பெண்களின் ஓட்டு அவருக்கு வேண்டும்; அவர் வீட்டுக்கும் அதே குழாயில்தான் தண்ணீர் வரவேண்டும்.

இப்போது அவர்கள் ஊராட்சிச் செயலரிடம் சொல்கிறார்கள். செயலர் ஒன்றிய ஆபீசுக்குச் சொல்கிறார். அங்கே கூட்டம், ஆய்வு, கலெக்டர் வருகை. கோப்பு நகர்வதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடும். இது யாருடைய குற்றமும் இல்லை, அமைப்பின் குற்றம். அலுவலர் மேலே பதில் சொல்ல வேண்டியவர். தலைவர் கீழே பதில் சொல்ல வேண்டியவர். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றை வைத்து ஈடுகட்டவே முடியாது.

பண இழப்பு இன்னும் பெரிது. மத்திய நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கென்றே ஒதுக்கப்படுவது. 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த ஊராட்சி மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. தேர்தல் நடக்காத உள்ளாட்சிக்கு இந்தப் பணம் வராது. 2016-க்குப் பிறகு தேர்தல் தள்ளிப்போனபோது 14-ஆவது நிதிக்குழுவின் மானியம் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு டெல்லிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தேர்தலைத் தள்ளிவைத்தது ஊரில் இருப்பவர்கள் அல்ல. தண்டம் கட்டியது மட்டும் அவர்கள்.

இது முதல்முறை அல்ல

முந்தைய உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை என்று தொடங்கிய வழக்கு அது. ஓரிரு மாதங்களில் சரிசெய்திருக்க வேண்டிய குறை. ஆனால் 27 மாவட்டங்களில் (ஒன்று பின்னர் பிரிந்ததால் இன்று 28) ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் வாக்குப்பதிவு.

அதாவது, அந்த ஒன்பது மாவட்டத்துக் கிராமங்களும் தமிழ்நாட்டின் அத்தனை நகரங்களும் ஐந்தாண்டு கொண்ட ஒரு முழுப் பதவிக்காலத்தையே இழந்தன. ஒரு சட்டமன்றம் ஐந்தாண்டு இல்லாமல் போயிருந்தால் இந்த நாடு சும்மா இருந்திருக்குமா? சென்னை மாநகராட்சிக்கு இன்னும் பழைய காயம் உண்டு. 1973-இல் கலைக்கப்பட்ட மன்றம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது 1996-இல். இருபத்துமூன்று ஆண்டுகள், ஒரு தலைமுறை, தன் வார்டு கவுன்சிலர் யார் என்று தெரியாமலே வளர்ந்தது.

2016-இல் தேர்தல் தள்ளிப்போனபோது ஆட்சியில் இருந்தது ஒரு கட்சி. 2025-இல் தள்ளிப்போனபோது ஆட்சியில் இருந்தது இன்னொரு கட்சி. எதிர்க்கட்சியாக இருந்தபோது உள்ளாட்சி ஜனநாயகத்துக்காக வழக்குப் போட்டவர்கள், ஆளுங்கட்சியானதும் வார்டு வரையறை, இடஒதுக்கீடு, நகரங்களோடு ஊராட்சிகளை இணைப்பது என்று காரணங்களை அடுக்கினார்கள். ஊராட்சித் தலைவர் வலுப்பெற்றால் தங்கள் பிடி தளரும் என்ற அச்சம் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கட்சி பேதமின்றி இருக்கிறது. இதை வெளிப்படையாகப் பேசாமல் சீர்திருத்தம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வார்டு வரையறை முடியவில்லை என்பது சட்டப்படி ஏற்கத்தக்க காரணமும் அல்ல. பதவிக்காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை, முடியும் முன்பே தேர்தல் என்று அரசமைப்பின் 243E பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006-இல், அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், இதையே உறுதி செய்தது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், வரையறைப் பணி முடியவில்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்தக்கூடாது என்றும் சொன்னது.

ஒரே ஆண்டு, இரண்டு பேரிடர்

உள்ளாட்சி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை 2018-ஆம் ஆண்டு நம் கண்ணெதிரே காட்டியது.

அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. அங்கே ஒவ்வொரு ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். முகாம் நடத்துவதிலும், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு சேறு படிந்த வீடுகளைக் கழுவுவதிலும் ஊராட்சிகள் முன்னே நின்றன.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. புயலுக்கு முன் மக்களை வெளியேற்றியதில் அரசு இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. அதை மறுக்கக் கூடாது. சிக்கல் மறுநாள் தொடங்கியது. எந்த ஊருக்கு எத்தனை தார்ப்பாய், எந்தத் தெருவுக்கு ஜெனரேட்டர், யார் வீட்டுக் கூரை போயிற்று, யார் பெயர் பட்டியலில் விட்டுப்போயிற்று என்ற கேள்விகளுக்கு ஊருக்குள் பதில் சொல்ல ஆளில்லை. அப்போது ஈராண்டுக்கும் மேலாக ஊராட்சிகளில் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை.

மக்கள் சாலைக்கு வந்தார்கள். மறியல் செய்தார்கள். சில இடங்களில் அரசு வாகனங்கள் தாக்கப்பட்டன. வன்முறையை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கோபத்தை வாங்கிக்கொள்ளவும், அதைக் கோரிக்கையாக மாற்றி மேலே எடுத்துச் செல்லவும் ஊரில் ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கோபம் நெடுஞ்சாலைக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். முப்பது நாற்பது ஊருக்கு ஓர் அலுவலர் என்ற கணக்கு சாதாரண நாளில் தாமதத்தைத் தரும்; புயல் நாளில் மனிதர்களைக் கைவிடும். மழைக்காலம் ஆண்டுதோறும் வருகிறது.

பக்கத்து மாநிலம் செய்தது

கேரளம் நம்மைவிட வெகு முன்னதாகத் தொடங்கிவிடவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கேரள ஊராட்சி ராஜ் சட்டம் இரண்டும் 1994-இல் பிறந்தவை. தமிழ்நாட்டுக்கோ 1958-லேயே, காமராஜர் ஆட்சியில், ஓர் ஊராட்சிச் சட்டம் இருந்தது.

ஆனால் 1996-இல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. பணத்தோடு ஆட்களையும் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண் அலுவலகம், அங்கன்வாடி, பள்ளி எல்லாம் உள்ளாட்சிப் பொறுப்பில் வந்தன. அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் ஊராட்சித் தலைவரிடம் கேட்கலாம். இங்கே அவருக்கே பதில் தெரியாது. அவரிடம் யாரும் சொல்வதில்லை.

அதைவிட முக்கியம் நாள் தவறாமை. 1995-இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடந்துவருகிறது. 2020 டிசம்பரில், கொரோனா அச்சத்தின் நடுவிலும் நடத்தினார்கள். 2025 டிசம்பரில் மறுபடி நடத்தினார்கள். வார்டுகளை மறுவரையறை செய்துவிட்டே நடத்தினார்கள். நம்மால் முடியாததற்கு மலையோ கடலோ தடையாக இல்லை.

தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. செலவு ஒரு கோடியே 55 லட்சம் ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன். மீதி ஊராட்சி சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கட்டும் மின்கட்டணம் ஊராட்சி வருமானத்தைத் தின்கிறதே என்ற கவலையிலிருந்து பிறந்த யோசனை அது. தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து யாரும் அதை எழுதவில்லை. ஒரு தலைவர் தொடர்ந்து பத்தாண்டு பதவியில் இருந்து, வரவு செலவை உள்ளங்கை ரேகைபோல அறிந்திருந்ததால் நடந்தது.

சாதியும் லஞ்சமும்

ஊராட்சிக்கு அதிகாரம் கொடுங்கள் என்றால் இரண்டு மறுப்புகள் உடனே வரும். இரண்டும் உண்மையான மறுப்புகள்.

முதலாவது சாதி. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ள மறுத்தார். அந்த எச்சரிக்கை பொய்யாகவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பேருந்தில் வழிமறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் அவர் உட்கார்ந்தது மட்டுமே காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டு முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து நாடே தலைகுனிந்தது.

இந்தக் கொடுமைகளுக்குத் தேர்தலை நிறுத்துவது விடையா? 2006-இல் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசியது. அரசு உறுதியாக நின்றது. தலித் தலைவர்கள் பதவியேற்றார்கள். அரசு விரும்பினால் ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. தேர்தல் தள்ளிப்போகும்போது மிகுதியாக இழப்பவர்களும் தலித் மக்களே. ஆதிக்கச் சாதிப் பெரியவருக்குப் பதவி இல்லாவிட்டாலும் ஊரில் செல்வாக்கு உண்டு. ஒன்றிய ஆபீசில் நாற்காலி உண்டு. தலித் பெண்ணுக்கு அந்தப் பதவி ஒன்றுதான் நாற்காலி. 2019 தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடங்கள் கிடைத்தன. முதல் ஈராண்டு கணவரின் நிழலில் இருந்த பல பெண்கள், நான்காவது ஆண்டில் ரசீதைத் தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்திடக் கற்றுக்கொண்டார்கள். அந்த இடத்தில் அறுத்துவிட்டோம்.

இரண்டாவது லஞ்சம். ஊராட்சித் தலைவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதவியை ஏலம் விட்ட ஊர்கள் இருக்கின்றன. ஓட்டுக்குக் கொடுத்த பணத்தைக் குழாய் பதிப்பில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் நடக்கும் திருட்டு ஊருக்குத் தெரியும். சிமெண்ட் சாலையின் கனம் என்ன என்று அதன்மேல் நடப்பவர் சொல்லிவிடுவார். கோட்டையில் போடப்படும் ஒப்பந்தத்தின் கனம் யாருக்குத் தெரியும்? பார்க்கிற கண்கள் அருகில் இருக்கும் இடத்தில்தான் திருட்டைப் பிடிக்க முடியும்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை தேர்தல் தேதி. பதவிக்காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே வார்டு வரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் வெளியாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் பழைய வரையறையிலேயே தேர்தல் என்று ஊராட்சிகள் சட்டத்தில் எழுத வேண்டும். இந்த ஒரு திருத்தம் பாதி சாக்குகளை ஒழித்துவிடும். ஒன்பது மாவட்டங்களின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. நகரங்களின் காலம் 2027 தொடக்கத்தில். மூன்று தேர்தலையும் ஒன்றாக நடத்துவதாகச் சொல்லி முதலில் முடிந்தவர்களை மேலும் காக்க வைப்பது நியாயமல்ல.

தனி அலுவலர் இருந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. அந்தக் காலத்தில் ஊராட்சி நிலத்தை மாற்றுவது, நகரத்தோடு இணைக்கச் சம்மதிப்பது, வரியை உயர்த்துவது போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளை எடுக்கக் கூடாது. மாநகராட்சியோடு இணைத்தால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பல ஊர்களில் மக்கள் போராடினார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் சார்பில் அதிகாரி 'சரி' என்று எழுதித் தரக் கூடாது.

ஊராட்சிச் செயலர் தலைவருக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியால், தனித்தொகுதிகளில் துணைத்தலைவர் பதவியை ஆதிக்கச் சாதியினர் பிடித்துக்கொண்டு தலைவரை முடக்குவது ஊரறிந்த செய்தி. இரண்டாவது கையெழுத்துக்கு உரியவரை மன்றம் மாற்றிக்கொள்ள வழி வேண்டும். மாவட்ட ஆட்சியரே தலைவரை நீக்கலாம் என்ற 205-ஆவது பிரிவின் அதிகாரத்தை ஒரு தனி நடுவத்துக்கு மாற்ற வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவரை நியமனம் பெற்ற ஒருவர் நீக்குவது மக்களாட்சிக்கு ஒவ்வாது.

அரசமைப்பின் 11-ஆவது அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்லவில்லை. துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, தொடக்கப் பள்ளிக் கட்டடம், சிறு குளங்கள் ஆகிய நான்கைப் பணத்தோடும் பணியாளரோடும் முதலில் கொடுத்துப் பார்க்கலாம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று இருப்பதை உயர்த்துவதும், மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்க் கட்டணம் என்று மேலேயே பிடித்தம் செய்வதை நிறுத்திப் பணத்தை முழுதாக ஊராட்சிக் கணக்கில் போடுவதும் மாநில நிதிக்குழுவின் அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாத வேலைகள்.

கடைசியாக, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. கூடி என்ன ஆகிறது? தீர்மானம் எழுதப்படுகிறது, நோட்டு மூடப்படுகிறது. கிராம சபைத் தீர்மானத்துக்குச் சம்பந்தப்பட்ட துறை முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசாணை போடலாம். அந்தப் பதிலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். அடுத்த கிராம சபையின் முதல் வேலையாக அதை உரக்க வாசிக்க வேண்டும். அலுவலர் மேடையில் இருக்கும்போதே.